கோ ஆஃப்: அணைந்ததா, அடித்ததா?

ஃப்ரேசல் வெர்ப் என்றாலே நம்மில் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பி விடுவோம். இந்த இதழில் ஒன்றே ஒன்றை மட்டும் பார்ப்போம். அது கோ ஆஃப். இறந்த காலத்தில் வென்ட் ஆஃப்.

கோ என்றால் போ. ஆஃப் என்றால் நமக்கு சுவிட்ச்தான் ஞாபகம் வரும். அதனால் "தி லைட்ஸ் வென்ட் ஆஃப்" என்றால் விளக்கு அணைஞ்சு போச்சு. சுலபம். ஆனால் "தி அலாரம் வென்ட் ஆஃப்" என்றால் அலாரம் நின்று போச்சு என்று அர்த்தம் இல்லை. அலாரம் அடித்தது! அப்படியே தலைகீழ்.

இது ஒரு மார்க் விஷயம் மட்டும் இல்லை. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே வெடி வைக்கும் முன் சைரன் ஊதி எச்சரிப்பார்கள். "வென் தி சைரன் கோஸ் ஆஃப், ஸ்டே அவே" என்று ஒரு போர்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சைரன் நின்ற பிறகு விலகினால் போதும் என்று படிப்பவர், அது ஊதும்போதே ஆட்டை ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போவார். "சைரன் ஊதினால் கிட்டே வராதே" என்பதுதான் சரி. வெடி வெடிப்பதற்கும், துப்பாக்கி சுடுவதற்கும் இதே கோ ஆஃப்தான்.

ஏன் இப்படி? ஒரு எஃப் போட்ட சொல்லும் இரண்டு எஃப் போட்ட சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். 'விலகி' என்பது அதன் அர்த்தம். முடுக்கி வைத்த அலாரம் பிடி விலகிக் கிளம்புகிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. சத்தம் போடுகிற பொருள் என்றால் கிளம்பியது. விளக்கு, ஃபேன் என்றால் நின்றது.

இன்னும் இருக்கு. "தி மில்க் ஹேஸ் கான் ஆஃப்" என்றால் பால் கெட்டுப் போச்சு. இது இங்கிலாந்து வழக்கு. அமெரிக்காவில் பெரும்பாலும் கான் பேட் என்பார்கள். "தி கார் ஃபெஸ்டிவல் வென்ட் ஆஃப் வெல்" என்றால் தேரோட்டம் நல்லபடியா நடந்து முடிந்தது. இதில் வெல் என்பதை விட்டுவிடக் கூடாது.

இங்கிலீஷ்காரங்களைக் குறை சொல்லவும் முடியாது. கரண்ட் போச்சு, பால் திரிஞ்சு போச்சு, தம்பி தூங்கிப் போயிட்டான் என்று நாமும்தான் சொல்கிறோம். தம்பி எங்கேயும் போகலை, பாயில்தான் கிடக்கிறான்! தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரர் நம்ம 'போ'வைப் பார்த்து இப்படித்தான் முழிப்பார்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. "தி கிராக்கர் வென்ட் ஆஃப், தி லைட்ஸ் வென்ட் ஆஃப், அண்ட் மை பிரதர் வென்ட் ஆஃப் டு பெட்." இதைத் தமிழில் எழுதி மதிய இடைவேளையில் கொண்டு வாருங்கள். விடை அடுத்த இதழில்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி