படம் வாங்கும்போது எதை வாங்குகிறோம்?

வியாபாரம் என்றதும் நமக்குத் தராசும் லாச்சியும்தான் ஞாபகத்துக்கு வரும். நிறுத்துக் கொடுக்க முடியாத, அலுமாரியில் அடுக்கி வைக்க முடியாத ஒன்றை விற்பவரும் வியாபாரிதான். பத்திரிகை, சஞ்சிகை, புத்தகம் ஆகியவற்றுக்குப் படம் வரைந்து கொடுக்கும் சுயாதீன ஓவியர் அப்படியான ஒருவர். நான் அந்தத் தொழில் செய்பவன். ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையிலுள்ள கனகராயன்குளத்தில் இருந்துகொண்டு கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரைந்து அனுப்புகிறேன்.

"ஓவியரின் தொழிலுக்கும் எமது கடைக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். லேபல், கலண்டர், பெயர்ப்பலகை, விளம்பரம் என்று ஏதாவது ஒன்றுக்குப் படம் தேவைப்படாத வியாபாரி இன்று இல்லை. அந்தப் படத்துக்குக் காசு கொடுக்கும்போது கையில் வருவது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

விற்பதா, வாடகைக்கு விடுவதா?

கடை அறை ஒன்றை வாடகைக்கு எடுக்கிறீர்கள். முற்பணமும் மாத வாடகையும் கட்டுகிறீர்கள். அதனால் அந்தக் கட்டடத்தை விற்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுமா? வராது. படமும் அப்படித்தான். ஒரு சஞ்சிகை என்னிடம் கதைக்குப் படம் கேட்டால், அந்த இதழில் ஒரு தடவை அச்சிடுவதற்கான அனுமதியைத்தான் நான் கொடுக்கிறேன். படத்தின் உரிமை என்னிடமே இருக்கும். அதே படத்தைப் பிறகு புத்தக அட்டையில் போட வேண்டுமானால் அது இன்னொரு அனுமதி, இன்னொரு கட்டணம்.

இது ஓவியரின் பேராசை அல்ல, நாட்டின் சட்டம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் தம் கடமையின்போது வரைந்த படத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், முதலாளியைச் சேரும். சுயாதீன ஓவியர் யாருக்கும் சம்பளக்காரர் அல்ல. ஆகவே உரிமை அவரிடம் இருக்கும். அதை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். இந்தப் பாதுகாப்புக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும்.

ஒரு கலண்டர் சொன்ன பாடம்

ஒரு பதிப்பகத்துக்குச் சிறுவர் கதைப் புத்தக அட்டையாகக் குளக்கட்டும் மருதமரமும் வரைந்து கொடுத்திருந்தேன். அடுத்த தை மாதம் அதே படம் ஒரு கடையின் கலண்டரில் தொங்கியது. கடைக்காரர் களவெடுக்கவில்லை. அந்தப் பதிப்பகத்தின் அச்சகத்திலேயே காசு கொடுத்துத்தான் கலண்டர் அடித்திருந்தார். ஆனால் காசு வாங்கியவருக்கு அந்தப் படத்தைக் கொடுக்கும் உரிமை இல்லை. வாடகைக்கு இருப்பவரிடம் காணி வாங்கிய கதைதான் இது.

என்னிடம் ஒரு பக்கக் கடிதம் இருந்தது. "புத்தக அட்டைக்கு மட்டும், ஒரு பதிப்புக்கு மட்டும்" என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டிருந்தோம். அதைக் காட்டியதும் பதிப்பகம் இரண்டாவது கட்டணத்தைக் கொடுத்தது. கடைக்காரரின் கலண்டர்கள் சுவரிலேயே இருந்தன. பேச்சு இணக்கமாக முடியாமல் போயிருந்தால், அடித்த கலண்டர்களைத் திருப்பி எடுக்க வேண்டிய நிலை எந்தத் தவறும் செய்யாத அந்த வியாபாரிக்கு வந்திருக்கும். ஒரு பக்கக் கடிதம் மூன்று பேரையும் காப்பாற்றியது.

விலை எப்படி வருகிறது?

"ஒரு சின்னப் படத்துக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள் உண்டு. இதோ கணக்கு. உதாரணத்துக்கு, ஓர் ஓவியரின் வீட்டுச் செலவும் தொழில் செலவும் மாதம் 85,000 ரூபா என்று வைப்போம். 240,000 ரூபா கொடுத்து வாங்கிய கணினி நான்கு வருடம் உழைத்தால் அதன் தேய்மானம் மாதம் 5,000 ரூபா. மொத்தம் 90,000. மாதத்தில் 30 நாள் இருந்தாலும் கூலி கிடைக்கும் நாட்கள் ஏறக்குறைய 15தான். மற்ற நாட்கள் வேலை தேடுவதிலும், திருத்தங்களிலும், காசு கேட்டு அலைவதிலும் போய்விடும். 90,000ஐ 15ஆல் பிரித்தால் நாளொன்றுக்கு 6,000. இரண்டு நாள் எடுக்கும் படம் 12,000க்குக் குறைந்தால் கைநட்டம். இலாபம் இதற்குப் பிறகுதான்.

அதற்கு மேல் பாவனையைப் பொறுத்து விலை கூடும். உள்ளூர்ச் சஞ்சிகையில் ஒரு தடவை வரும் படத்துக்கும், தூள் பைக்கற்றில் பத்து வருடம் வரும் படத்துக்கும் ஒரே விலை இருக்க முடியாது. சந்தைக்குள் இருக்கும் கடைக்கும் ஒழுங்கைக்குள் இருக்கும் கடைக்கும் ஒரே வாடகை இல்லைத்தானே!

வேலை நடக்கும் ஒழுங்கு

கதையோ கட்டுரையோ வந்ததும் முதலில் இரண்டு மூன்று கோட்டு மாதிரிகள் அனுப்புவேன். ஆசிரியர் ஒன்றைத் தெரிவு செய்வார். அதன் பிறகே வர்ணம். அரைவாசி முற்பணம். இரண்டு தடவை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து கட்டணம். இடையில் வேலையைக் கைவிட்டால் அதுவரை செய்ததற்குரிய கூலி. மிகுதிக் காசு எத்தனை நாளில் என்பதும் முதலிலேயே பேசப்படும். பத்திரிகைத் தொழிலில் படம் வெளிவந்த பிறகுதான் காசு என்பது பழைய வழக்கம். கடனுக்குச் சாமான் கொடுத்த எவருக்கும் அந்தக் கஷ்டம் புரியும்.

முன்னோடிகள் இருவர்

கரவெட்டியைச் சேர்ந்த சிவஞானசுந்தரம் (1924–1996) தினகரனில் வரைந்த 'சவாரித் தம்பர்' ஈழத்துத் தமிழர் எல்லோரும் அறிந்த பாத்திரம். அவர் பத்திரிகைகளுக்கு வரைவதோடு நின்றுவிடவில்லை. 1963இல் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கினார். தன் சரக்குக்குத் தானே கடை திறந்தார். சனங்கள் அவரை 'சிரித்திரன் சுந்தர்' என்றே அழைத்தார்கள்.

தமிழ்நாட்டில் தஞ்சாவூரில் பிறந்த கோபுலு (1924–2015) ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு வரைந்து பெயர் பெற்றவர். 1963இல் விளம்பரத் துறைக்குப் போனார். 1972இல் சொந்தமாக விளம்பர நிறுவனம் தொடங்கினார். பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலது கை வழங்காமல் போனபோது இடது கையால் வரையப் பழகினார். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கக் கூடாது என்பதும், தொழிலை விட்டுவிடக் கூடாது என்பதும் இந்த இருவரிடமும் நாம் படிக்கும் பாடம்.

கணினி வரைந்து தராதா?

2022ஆம் ஆண்டிலிருந்து, எழுதிக் கேட்டால் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் பரவிவிட்டன. செலவும் குறைவு. இதனால் எமக்கு வரும் வேலை குறைந்திருப்பது உண்மை. ஆனால் 'வன்னிக் கிராமம்' என்று கேட்டால் அது தருவது பெரும்பாலும் வேறு தேசத்து வயலும் வேறு தேசத்து வீடுமாக இருக்கும். பாலைப்பழக் காலத்தில் காட்டோரம் எப்படி இருக்கும், 2009க்குப் பின் மீளக் குடியேறியவர்கள் கட்டிய வீட்டின் முற்றம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் இங்கே இருந்து பார்த்தவருக்கே தெரியும். உங்கள் வாடிக்கையாளர் உள்ளூர்க்காரர். பொய்ப் படத்தை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த முறை படம் வரைவிக்கும்போது

1. எதற்கு, எத்தனை காலத்துக்கு, எத்தனை பிரதி என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

2. அச்சகத்தார் படம் கொடுத்தால், அதைக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

3. படத்தை உங்கள் வியாபாரக் குறியாகப் பயன்படுத்துவதானால் முழு உரிமையையும் கையொப்பத்துடன் வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். அதன் பின்பே கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் குறியைப் பதியுங்கள். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம்.

4. முற்பணத்தையும் மிகுதிக் காசின் திகதியையும் முதலிலேயே பேசி முடியுங்கள்.

5. பேரம் பேசுவதானால் பாவனையைக் குறைத்துப் பேசுங்கள். "மூன்று வருடம் வேண்டாம், ஒரு வருடம் போதும்" என்றால் ஓவியரும் மனம் நோகாமல் விலை குறைப்பார்.

படம் என்பது கடதாசியும் வர்ணமும் அல்ல, அதைப் பாவிக்கும் அனுமதி. காணி உறுதி பார்க்காமல் காணி வாங்காத நாம், படத்துக்கும் அந்தக் கவனத்தைக் கொடுத்தால் பின்னர் வரும் வழக்கும் மனக்கசப்பும் தவிரும்.