நினைத்தவுடன் புதுக்கோட்டை: ஒரே நாளில் போய்வர முழுமையான வழிகாட்டி

திருச்சியிலிருந்து காரைக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகிற பலருக்குப் புதுக்கோட்டை என்பது பஸ் கொஞ்ச நேரம் நிற்கும் ஊர், அவ்வளவுதான். இறங்கி டீ குடிப்பார்கள், கடலை மிட்டாய் வாங்குவார்கள், ஹார்ன் சத்தம் கேட்டதும் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். தஞ்சாவூருக்குக் கிடைக்கும் கூட்டமோ செட்டிநாட்டு வீடுகளுக்குக் கிடைக்கும் கேமராக்களோ இங்கே வருவதில்லை. இத்தனைக்கும் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம் இது. நாடு விடுதலை அடைந்த பிறகும் சில மாதங்கள் தனியாகவே இருந்து, 1948 மார்ச் 3-இல்தான் இந்திய யூனியனோடு இணைந்தது. பிறகு திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாகி, 1974-இல் தனி மாவட்டமானது.

முன்பதிவு, ஓட்டல் அறை, லீவு எதுவும் தேவைப்படாத ஊர் என்பதால், காலையில் எழுந்து ‘எங்கேயாவது போகலாமே’ என்று தோன்றும் நாளுக்குப் பொருத்தமானது. ஆனால் திட்டமில்லாமல் கிளம்பும் பயணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை இந்த ஊரில் இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஒன்று வெயில், இன்னொன்று கோயில் நடை சாத்தும் நேரம். காலையில் பாறை, நடுப்பகலில் கூரை, மாலையில் கோயிலும் தெருவும். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 1: கிளம்பும் முன் கிழமையைப் பாருங்கள்

அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்காது. அந்த நாட்களில்தான் போக முடியும் என்றால் போங்கள். நடுப்பகலுக்கு வேறு வழி பின்னால் சொல்கிறேன்.

பையில் என்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, ஒரு துண்டு, சில்லறை, பாறையில் வழுக்காத செருப்பு அல்லது ஷூ. பஸ்ஸிலேயே போய் மெஸ்ஸில் சாப்பிட்டால் திருச்சியிலிருந்து ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய் தாராளம்.

மாதத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். புதுக்கோட்டை வறண்ட பூமி; சித்திரை, வைகாசி வெயில் பாறையில் இரட்டிப்பாகத் தெரியும். கார்த்திகையிலிருந்து மாசி வரை இதமான காலம். கோடையில்தான் போவீர்கள் என்றால் அதற்கும் ஒரு பலன் உண்டு: ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாப்பழம் சாலையோரத்திலேயே குவிந்து கிடக்கும்.

படி 2: ஏழரைக்குள் ஊரில் இருங்கள்

திருச்சியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். தஞ்சாவூரிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம்தான். காரைக்குடியிலிருந்து இன்னும் குறைவு. மதுரைக்காரர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பினால் ஒரே நாளில் முடியும். திருச்சியில் வெளியூர் பஸ்கள் இப்போது பஞ்சப்பூர் நிலையத்திலிருந்தும் கிளம்புவதால், புதுக்கோட்டை பஸ் எங்கே நிற்கிறது என்று முதல்நாள் இரவோ அன்று காலையோ விசாரித்துவிடுங்கள். திருச்சி–மானாமதுரை ரயில் பாதையும் இந்த ஊர் வழியாகவே போகிறது. ரயில் நேரம் உங்களுக்கு ஒத்துவந்தால் நல்லது. ஒத்துவராவிட்டால் காத்திருக்க வேண்டாம், பஸ்ஸே போதும்.

இறங்கியதும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிடுங்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வயிற்றுக்கு அதுதான்.

படி 3: காலையில் சித்தன்னவாசல்

அன்னவாசல் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, ‘சித்தன்னவாசலில் இறக்கிவிடுங்கள்’ என்று கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே கொஞ்சம் நடக்க வேண்டும். மூன்று நான்கு பேராகப் போனால் போக வர, காத்திருக்க என்று ஆட்டோவுக்கு மொத்தமாகப் பேசிக்கொள்வது நல்லது. ஏறும் முன்பே பேசுங்கள்.

இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. முதலில் ஏழடிப்பட்டம் போங்கள், ஏனென்றால் அது திறந்த பாறை. பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. படிகளில் ஏறி, குன்றின் மறுபக்கம் கம்பி பிடித்துக்கொண்டு இறங்கினால் இயற்கைக் குகை ஒன்று வரும். தரையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள், ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் சற்று உயர்த்தி வைத்த கல் தலையணை. சமணத் துறவிகள் தவம் செய்த இடம். ஒரு படுக்கையின் பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. எருமிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்காகச் செய்த படுக்கை என்று சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டு பழமையான அந்த எழுத்து மேலோட்டமாகப் பார்த்தால் பாறையின் கீறல் மாதிரிதான் இருக்கும். குனிந்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் கோணத்தில் பாருங்கள்.

அடுத்து அறிவர் கோயில். குன்றின் இன்னொரு பக்கம், பாறையைக் குடைந்து எடுத்த சிறிய குடைவரை. 9-ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இதைப் புதுப்பித்தார் என்று வெளியே பாறையில் இருக்கும் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஓவியங்களும் அந்தக் காலத்தவை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதற்கு முன்பு மகேந்திரவர்ம பல்லவன் காலம் என்று எழுதிவந்தார்கள்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் விதானத்தில் ஒன்றும் தெரியாது. பச்சையும் பழுப்புமாகக் கறைதான் தெரியும். பலர் இந்த இடத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். நீங்கள் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கண் பழகப் பழக, முதலில் தாமரை இலைகள் பிரியும். அப்புறம் மொட்டு, விரிந்த பூ, இலைகளுக்கு இடையே மீன்கள், வாத்துகள், நீரில் இறங்கிய யானை, எருமை. கடைசியில்தான் ஆட்கள் தெரிவார்கள்: குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள்; ஒருவர் நீண்ட தாமரைத் தண்டைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கிறார். சமண மரபில் பக்குவப்பட்ட உயிர்கள் நீராடிப் பூக்கொய்யும் பொய்கை இது. முன்தூண்களில் ஆடும் பெண்களின் உருவங்கள் மங்கிவிட்டன. ஆனாலும் வளைந்த கையும் சாய்ந்த இடையும் இன்னும் பிடிபடும்.

கருவறைக்குள் போக அனுமதி கிடைத்தால் நடுவில் நின்று, வாயை மூடியபடி மெல்ல ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். குரல் அறை முழுவதும் அதிர்ந்து உங்கள் மேலேயே திரும்பும். பாதுகாவலர்களே இதைச் செய்துகாட்டுவதுண்டு. பாறையைத் தொடாதீர்கள், ஓவியம் தீட்டிய சுண்ணாம்புப் பூச்சு பல இடங்களில் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது.

பதினொன்றரைக்குத் திரும்ப பஸ் ஏறிவிடுங்கள்.

படி 4: சாப்பாடு முடித்து அருங்காட்சியகம்

மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வாழை இலை போடும் மெஸ் எதிலும் நுழையலாம். செட்டிநாட்டுக்குப் பக்கத்து ஊர் என்பது குழம்பின் மிளகிலும் சோம்பிலும் தெரிந்துவிடும். எந்த மெஸ் என்று கேட்டால், ஒரு மணிக்கு எங்கே ஆபீஸ்காரர்கள் வரிசையில் நிற்கிறார்களோ அங்கே போங்கள்.

பிறகு திருக்கோகர்ணம். திருச்சி சாலைப் பக்கம் உள்ள இந்தப் பகுதிக்கு டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. அரசு அருங்காட்சியகம் இங்கேதான். 1910-இல் சமஸ்தானம் தொடங்கியது. ஒரு ராஜ்ஜியம் தன்னிடம் இருந்ததையெல்லாம் ஓர் இடத்தில் சேர்த்து வைத்தால் எப்படி இருக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்: கனிமங்கள், பாடம் செய்த விலங்குகள், செப்புத் திருமேனிகள், ஆயுதங்கள், காசுகள், கல்வெட்டுகள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நேரம் கொடுத்தால் களைத்துவிடுவீர்கள். செப்புத் திருமேனிகளுக்கும் காசுகளுக்கும் மட்டும் பொறுமையாக நில்லுங்கள்.

காசுகளில் தேட வேண்டியது அம்மன் காசு. விரல் நுனி அளவு செம்பு. ஒரு பக்கம் அமர்ந்த நிலையில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரண்மனை தானமாக அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் கொடுத்துவந்தது.

வெள்ளிக்கிழமை போனவர்கள் இந்த நேரத்தை வீணாக்க வேண்டாம். சாப்பிட்டதும் திருமயம் பஸ் பிடியுங்கள். விவரம் 6-ஆம் படியில்.

படி 5: நான்கு மணிக்குக் கோயில், ஐந்து மணிக்கு ராஜ வீதி

அம்மன் காசில் பார்த்த பிரகதாம்பாளின் கோயில் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோகர்ணேசுவரர் சந்நிதி பாறையைக் குடைந்த பழைய குடைவரை. முன்னால் இருக்கும் மண்டபங்கள் பின்னால் சேர்ந்தவை. தொண்டைமான்களின் குலதெய்வம் இந்த அம்மன். அந்தக் காசினாலேயே ‘அரைக்காசு அம்மன்’ என்று பெயர். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும் என்று வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வார்கள். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால்தான் அருங்காட்சியகத்தை முதலில் வைத்தோம்.

அங்கிருந்து ஊருக்குள் வாருங்கள். இந்த ஊரில் வழி தவறுவது கடினம். நடுவில் நான்கு ராஜ வீதிகள். அவற்றுக்கு வெளியே வடக்கு 2-ஆம் வீதி, 3-ஆம் வீதி, மேல 4-ஆம் வீதி என்று எண் போட்ட தெருக்கள், எல்லாம் கோடு போட்டது போல நேர். 1878 முதல் 1894 வரை நிர்வாகம் பார்த்த திவான் சேஷையா சாஸ்திரி ஊரை இப்படிச் சீரமைத்தார். குளங்களையும் தூர்வாரிச் செப்பனிட்டார். கீழ ராஜ வீதியின் கடைத்தெருக் கூட்டத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு, சாந்தநாதர் கோயிலை ஒட்டிய பல்லவன் குளத்தின் படியில் கொஞ்சம் உட்காருங்கள். புதிய அரண்மனை இப்போது ஆட்சியர் அலுவலகம், வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மன்னர் கல்லூரியில் பையன்கள் மட்டுமே படித்த காலத்தில் அங்கே சேர்ந்து படித்தவர். 1927-இல் சென்னை சட்டமன்ற மேலவையில் முதல் பெண் உறுப்பினரானார். கஞ்சிரா என்ற வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளையும் இந்த ஊர்க்காரர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, இந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்த இயக்கம் அது.

படி 6: இன்னும் தெம்பு இருந்தால் ஒன்று மட்டும்

இங்கேதான் பலர் ஆசைப்பட்டு நாளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் இடங்கள் நிறைய. எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்தால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். கீழே இருப்பதில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், அருங்காட்சியகத்தையோ ராஜ வீதியையோ விட்டுவிட்டுச் சேருங்கள்.

திருமயம்: தெற்கே சுமார் 20 கிலோமீட்டர், காரைக்குடி சாலையில். 17-ஆம் நூற்றாண்டில் சேதுபதி கட்டிய கோட்டை, அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரைகள். காரைக்குடிக்காரர்கள் வீடு திரும்பும் வழியில் இறங்கிக்கொள்ளலாம்.

நார்த்தாமலை: திருச்சி சாலையில். வெறும் பாறை மேல் தனியாக நிற்கும் விஜயாலய சோழீச்சுரம், எதிரே விஷ்ணு சிற்பங்கள் வரிசையாக நிற்கும் குடைவரை. திருச்சிக்காரர்களுக்கு வசதி. இருட்டுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும்.

குடுமியான்மலை: இசைக் கல்வெட்டுக்காகவும் ஆளுயரச் சிற்பங்களுக்காகவும். சங்கீதம் தெரிந்தவர்கள் சித்தன்னவாசலோடு சேர்த்துக் காலையிலேயே ஆட்டோவில் பார்த்துவிடலாம்.

படி 7: திரும்பும் பஸ்

திருச்சிக்கும் தஞ்சைக்கும் இரவிலும் பஸ் உண்டு என்றாலும், ஏழு மணிக்குள் பஸ் ஸ்டாண்ட் வந்துவிடுங்கள். ஞாயிறு மாலை கூட்டம் பொறுமையைச் சோதிக்கும். உட்கார இடம் கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். காலையிலிருந்து பாறை ஏறிய கால் ஒன்றரை மணி நேரம் நிற்காது.

இந்தக் கணக்கு புதுக்கோட்டைக்கு மட்டும் உரியதல்ல. நாமக்கல்லுக்கும் செஞ்சிக்கும் இதே வரிசை பொருந்தும்: மலை காலையில், நிழல் மதியத்தில், கோயிலும் கடைத்தெருவும் மாலையில். உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், பஸ்ஸில் கடந்து மட்டுமே போயிருக்கும் ஊர் எது என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும்.