மாநாடு கூடினால் நாட்டுக்கு என்ன லாபம்?

கேள்வி: வெளிநாட்டார் கோட்டும் சூட்டுமாக வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். மாநாடு நடத்தும் நாட்டுக்கு இதில் என்ன கிடைக்கிறது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: பேச்சு அவர்களுக்கு, வரவு ஊருக்கு! ஸ்பெயினின் பார்சிலோனாவைப் பாருங்கள். 2006 முதல் உலக மொபைல் மாநாடு அங்கேதான் நடக்கிறது. 2024-ல் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நடப்பதோ பிப்ரவரி, மார்ச் குளிரில். கடற்கரைக்கு ஆள் வராத காலம். காலியாகக் கிடக்கும் ஓட்டல் அறைகளின் வாடகை மாநாட்டு வாரத்தில் கோடைக் கட்டணத்தையும் தாண்டிவிடும். சுற்றுலாப் பயணி பேரம் பேசுவார். கம்பெனி செலவில் வருபவர் பில்லைக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்டால் அடிக்கும் தச்சர், வயர் இழுக்கும் எலக்ட்ரீஷியன், மொழிபெயர்ப்பாளர், டாக்ஸிக்காரர், சமையல்காரர் என எல்லோர் கையிலும் வெளிநாட்டுப் பணம் புரளும். உள்ளூர்ச் சிறு நிறுவனத்துக்கு விமான டிக்கெட் எடுக்காமலே முதலீட்டாளரைப் பார்க்க ஒரு வாய்ப்பு.

தொல்லையும் உண்டு. விலையேற்றம், நெரிசல். 2016-ல் மாநாட்டு நாளாகப் பார்த்து மெட்ரோ ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரே எதிர்பார்த்திருக்கும் வாரம் அல்லவா, அப்போதுதானே குரல் காதில் விழும்!

மாநாடு நின்றால் வரவும் நின்றுவிடும். 2020-ல் கொரோனா பயத்தால் மாநாடு ரத்தானது. பாதி அடித்த ஸ்டால்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.