பல்லை நகர்த்தும் கம்பி

முன்னே துருத்தி நிற்கும் பல்லை எத்துப்பல் என்பர். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பது தெற்றுப்பல். இத்தகைய பற்களை உடைய பிள்ளைகளுள் சிலர், சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வர். பற்களை வரிசைப்படுத்த மருத்துவர் கம்பி பொருத்துகிறார். பேச்சு வழக்கில் இதனைக் 'கிளிப்' என்பர். வலிய பல்லை மெல்லிய கம்பி எவ்வாறு நகர்த்துகிறது?

சுவரில் அறைந்த ஆணியைப் போலப் பல் தாடையெலும்பில் இறுகியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு உள்ளது. அதன் தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். இத்திசுவே பல்லைத் தாங்கி நிற்கிறது.

ஒவ்வொரு பல்லின் மீதும் 'பிராக்கெட்' எனப்படும் சிறிய உலோகத் துண்டு ஒட்டப்படுகிறது. அதிலுள்ள காடியில் கம்பி செருகப்படுகிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி பயன்படுகிறது. வளைத்தாலும் பழைய வடிவத்திற்கே மீள்வது அதன் இயல்பு. கோணலான பல்வரிசைக்கு ஏற்ப வளைந்த அக்கம்பி, மீண்டும் சீரான வடிவம் பெற முயலும்போது பல்லைத் தள்ளுகிறது.

பல் நகரும் பக்கத்தில் நார்த்திசு அழுந்துகிறது. அங்குள்ள சில உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்த்திசு இழுபடுகிறது. அங்கே வேறு உயிரணுக்கள் புதிய எலும்பை உருவாக்குகின்றன. ஆகவே, கம்பி தூண்டுகிறது, எலும்பு வழிவிடுகிறது.

கம்பியை மேலும் இறுக்கினால் பல் விரைந்து நகருமா? நகராது. மிகையான அழுத்தம் நார்த்திசுவில் குருதியோட்டத்தைத் தடுக்கும், வேரும் தேயக்கூடும். மென்மையான விசையால் பல் மாதத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. எனவே, சிகிச்சை பெரும்பாலும் 18 முதல் 24 மாதங்கள் நீடிக்கிறது.

அக்காலத்தில் உணவுத் துணுக்குகள் கம்பியில் சிக்கும். ஒவ்வொரு முறை உண்டபின்னும் பல் துலக்காவிடில், பல்லில் வெண்புள்ளிகள் தோன்றும். முறுக்கு, சீடை, கரும்பு போன்ற கடினமான உணவுகளைக் கடித்தால் பிராக்கெட் பெயர்ந்துவிடும்.

கம்பியைக் கழற்றியதும் பணி முடிந்துவிடுவதில்லை. இழுபட்ட நார்கள் பல்லைப் பழைய இடத்திற்கே இழுக்க முற்படும். அதனைத் தடுக்க 'ரிட்டெய்னர்' என்னும் கருவியை மருத்துவர் கூறும் காலம்வரை அணிதல் வேண்டும். சிலர் அதனை மேசை அறையில் வைத்து மறந்துவிடுகின்றனர்; இரண்டாண்டுப் பொறுமையின் பயன் சில மாதங்களில் குறையத் தொடங்குகிறது. பெற்றதைப் பேணுதலும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

சொற்பொருள்
காடி – நீண்ட சிறு பள்ளம்
விசை – தள்ளும் அல்லது இழுக்கும் ஆற்றல்
குருதி – இரத்தம்
பேணுதல் – காத்தல்

பயிற்சி
1. எத்துப்பல், தெற்றுப்பல் – வேறுபாடு யாது?
2. பல் நகரும்போது எலும்பில் நிகழும் இரு மாற்றங்களை எழுதுக.
3. 'கம்பி தூண்டுகிறது; எலும்பு வழிவிடுகிறது' – விளக்குக.