ஸ்டுடியோ கம்ப்யூட்டர் கரகரக்கிறது: கடைக்காரர் பொறுப்பாவாரா?

கேள்வி: குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் வீட்டிலிருந்தே இசையமைத்துத் தருகிறேன், அதுதான் என் பிழைப்பு. ஐந்து மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் 1,42,000 ரூபாய்க்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். மியூசிக் வேலைக்குத்தான் என்று வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதி, பாகங்களை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ரெக்கார்டு செய்யும்போதும் திரும்பப் போட்டுக் கேட்கும்போதும் இடையிடையே கரகரவென்று வெடிக்கிறது. சில சமயம் ஒலி அறுந்துபோகிறது. “கேம் ஓடுகிறது, வீடியோ ஓடுகிறது, மெஷினில் ஒரு குறையும் இல்லை. உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸைப் பாருங்கள்” என்கிறார்கள். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருக்கிறது. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை கிராக் போட்டு அவர்களே ஏற்றிக் கொடுத்தார்கள். சம்பாதிப்பதற்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்கிறார் நண்பர். போனால் கிராக் சாஃப்ட்வேருக்காக நானே மாட்டிக்கொள்வேனோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், திருநெல்வேலி

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் இன்று கையில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு போட்டால் தோற்கவும் கூடும். சட்டம் உங்களுக்கு வேண்டிய இடத்தைக் கொடுத்திருக்கிறது. ஆதாரம்தான் இன்னும் சேரவில்லை. கரகரப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று ஒவ்வொரு காரணமாகக் கழித்துப் பார்ப்பதை டெக்னீஷியன் பாடு என்று ஒதுக்கிவிட்டு, காரசாரமான நோட்டீஸ் அனுப்புவதிலேயே பலருடைய கவனம் போய்விடுகிறது. இந்த மாதிரிப் புகாரில் அந்தச் சோதனைதான் வழக்கின் முதுகெலும்பு. அதைச் செய்யும் விதத்தையும் பதிந்துவைக்கும் விதத்தையும் பொறுத்துத்தான் முடிவு அமையும்.

முதலில் நண்பரின் வாதம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது என்பது உண்மைதான். அந்தப் பிரிவுக்கே ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள்: சுயதொழில் வழியாகத் தன் பிழைப்பை நடத்துவதற்கென்றே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்துக்கானதாகக் கருதப்படாது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்தின் மீது லட்சுமி என்ஜினியரிங் தொடர்ந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. ஆட்டோ ரிக்‌ஷா வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவரோ பெரிய இயந்திரத்தைத் தொழிற்கூடத்துக்கு வாங்கியவர். அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. 2018இல் பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கில், வேலையில்லாப் பட்டதாரிகள் பிழைப்புக்காகக் கூட்டாக வாங்கிய புகைப்பட அச்சு இயந்திரத்துக்கு இதே விளக்கத்தைப் பொருத்தி, அவர்கள் நுகர்வோரே என்றது உச்ச நீதிமன்றம். வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து இசையமைக்கும் உங்கள் நிலை இதற்கு மிக அருகில் இருக்கிறது. புகார் மனுவின் முதல் பத்திகளிலேயே ‘சுயதொழில்’, ‘பிழைப்பு’, ‘நானே இயக்குகிறேன்’ என்ற மூன்றும் வெளிப்படையாக இருக்கட்டும். அவற்றை எழுதாமல் விட்டுவிட்டு, எதிர்த்தரப்பு ஆட்சேபித்த பிறகு சேர்க்கப் பார்ப்பது வீண் சிக்கல். ஸ்டுடியோவை மணிக்கணக்கில் மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகவோ, சம்பளத்துக்கு ஆள் போட்டு நடத்துவதாகவோ இருந்தால் என் பதில் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது.

அடுத்தது, ‘கேம் ஓடுகிறது’ என்ற கடைக்காரரின் பதில். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தப் பதில், சட்டத்தின் முன்னும் நிற்காது, தொழில்நுட்பத்தின் முன்னும் நிற்காது. 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16(1) சொல்வது இது: இன்ன வேலைக்கு வேண்டும் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய தொழில் அறிவை நம்பி ஒருவர் வாங்கினால், அந்த வேலைக்குப் பொருள் ஏற்றதாக இருக்கும் என்பது எழுதப்படாத நிபந்தனையாகவே விற்பனைக்குள் அடங்கிவிடும். ஆகவே கம்ப்யூட்டர் பொதுவாக வேலை செய்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. இசைப் பதிவுக்கு வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிலேயே காட்டலாம். விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற வேகத்தில் பதியும்போது பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால், ஏறத்தாழ 2.67 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அடுத்த ஒலித்துண்டு தயாராக இருந்தாக வேண்டும். இடையில் ஏதோ ஒரு டிரைவர் பிராசசரை அதைவிட நேரம் பிடித்து வைத்துக்கொண்டால் அந்த இடத்தில் ஒலி அறுந்து காதில் ‘டப்’ என்று விழும். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமுக்கோ ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவிநாடி அவகாசம் கிடைக்கிறது. ஒன்று தவறினாலும் கண் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வீடியோ பிளேயர் முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. கேம் ஓடியதை வைத்து இசைக்கும் தகுதியானது என்று சொல்வதற்கு அடிப்படையே இல்லை.

கடைக்காரரின் வழக்கறிஞர் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருப்பார். பிரிவு 16(1)இன் காப்புரை, காப்புரிமை அல்லது வணிகப் பெயரைச் சொல்லி வாங்கும் குறிப்பிட்ட பொருளுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது என்கிறது. மதர்போர்டு, ரேம், எஸ்.எம்.பி.எஸ். எல்லாமே பெயர்பெற்ற கம்பெனிச் சரக்குதானே என்பார். நீங்கள் பிராண்டைச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த வாதம் எடுபட்டிருக்கும். தேர்வை அவர்களிடமே விட்டதற்கு வாட்ஸ்அப் சாட்சி. விற்கப்பட்டதும் தனித்தனிப் பாகங்கள் அல்ல, பூட்டி முடித்த ஒரு முழு இயந்திரம். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(36), பிறர் தயாரித்த பாகங்களைப் பூட்டித் தருபவரையும் ‘பொருள் உற்பத்தியாளர்’ என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. பாகத்துக்குப் பாகம் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்று கையைக் கழுவும் கடைக்காரருக்கு எதிராக இந்த வரையறை நல்ல துணை. ஆனால் பொருள் பொறுப்பு பற்றிய தனி அத்தியாயத்தை நம்ப வேண்டாம். அதில் ‘தீங்கு’ என்பதற்கான விளக்கம், பொருளுக்கே நேர்ந்த சேதத்தையும் வணிக, பொருளாதார இழப்பையும் விலக்கிவிடுகிறது. ‘குறைபாடுள்ள பொருள்’ என்ற பழைய நேரான வழியிலேயே போங்கள்.

குறைபாடு இருப்பதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. இங்கேதான் வழக்கு வெல்வதும் வீழ்வதும். எல்லாக் கரகரப்பும் இயந்திரத்தின் குறை ஆகிவிடாது. பஃபரை 64இல் வைத்துக்கொண்டு நாற்பது டிராக்கை ஓட்டினால் நல்ல கம்ப்யூட்டரும் திணறும். பதியும்போது குறைவாகவும் மிக்ஸ் செய்யும்போது 512, 1024 என்று கூட்டியும் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். கூட்டியதும் சத்தம் நின்றுவிட்டால், அதைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தை (நீங்கள் நுகர்வோர் நீதிமன்றம் என்பது இதைத்தான்) நம்ப வைப்பது கடினம். விடாமல் ஒரே சுருதியில் ரீங்காரம் கேட்டால் அது பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்; எர்த் சரியில்லாததன் அடையாளம். அதைக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது. நீங்கள் சொல்லும் அறுந்துபோகும் சத்தம் வேறு இனம். வைஃபை டிரைவர், கிராபிக்ஸ் டிரைவர், மின்சிக்கன செட்டிங், யு.எஸ்.பி. ஹப், மதர்போர்டின் யு.எஸ்.பி. கன்ட்ரோலர் ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே உங்கள் இன்டர்ஃபேஸையும் அதே கேபிளையும் வேறொரு கம்ப்யூட்டரில் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். பிறகு இந்தக் கம்ப்யூட்டரில் வேறொரு இன்டர்ஃபேஸைப் பொருத்துங்கள். கோளாறு கம்ப்யூட்டரோடு மட்டுமே தங்கிவிட்டால் ‘இன்டர்ஃபேஸைப் பாருங்கள்’ என்ற பதில் அத்தோடு முடிந்தது. ஹப் இல்லாமல் நேராகச் செருகி, வைஃபையை அணைத்து, மின்சிக்கனத்தை நீக்கி, இன்டர்ஃபேஸ் கம்பெனியே தரும் ஆசியோ டிரைவரைப் போட்டு, பஃபரை 512க்கு உயர்த்தி, ஒரே ஒரு டிராக்கை ஓட்டுங்கள். 10.67 மில்லிவிநாடி அவகாசம் கொடுத்தும் ஒரு டிராக்குக்கே அறுந்தால், பயனாளரின் செட்டிங்கைக் குறை சொல்ல இடமில்லை. எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்துகிறது என்பதை லேட்டன்சிமான் என்ற மென்பொருள் பெயரோடு காட்டும். ஒவ்வொரு சோதனையையும் தேதியும் நேரமும் தெரியும்படி வீடியோ எடுத்து, முடிவை அன்றன்றே கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். சோதனையில் தப்பு உங்கள் பக்கம் என்று தெரிந்தால் அதுவும் லாபம்தான். தோற்கும் வழக்கிலிருந்து தப்பித்தீர்கள்.

சொந்த வீட்டுச் சோதனையை யார் நம்புவார்கள் என்று கேட்கலாம். அது மட்டுமே போதாது, சரிதான். உரிய பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாத பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட ஆணையத்துக்குப் பிரிவு 38(2)(சி) அதிகாரம் தருகிறது. அறிக்கைக்கு 45 நாள். கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். உணவுக்கும் மின்சாதனப் பாதுகாப்புக்கும் ஆய்வகம் கிடைப்பதுபோல ஒலி அறுபடுவதைச் சோதிக்க எளிதில் கிடைக்காது என்பதால், துறை அறிந்த ஒரு நிபுணரை நியமிக்கும்படி மனுச் செய்யுங்கள். அந்த நிபுணர் எதைச் சோதிக்க வேண்டும் என்று உங்கள் பதிவுகளே அவருக்குச் சொல்லும். அவை இல்லாவிட்டால் அவரும் கம்ப்யூட்டரை ஆன் செய்து, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றிவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை அதன் முழுக் கண்டிப்போடு பின்பற்றுவதில்லை. என்றாலும் 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழை அச்சுப்படியோடு இணைத்துவிட்டால் பிற்பாடு வாய்ச்சண்டை மிச்சம்.

பில்லில் அச்சிட்ட வாசகத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதைப் பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்கிறது. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு எதிராக அந்த வாசகம் பயன்படலாம், குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுப்பவருக்கு எதிராகப் பயன்படாது. ஐந்து மாதம் பயன்படுத்தினாரே என்ற வாதம் சற்று கனமானது. பொருளை ஏற்றுக்கொண்டவர் நிராகரிக்க முடியாது, இழப்பீடு மட்டுமே கேட்கலாம் என்பது விற்பனைச் சட்டத்தின் பிரிவு 13(2). சிவில் நீதிமன்றத்தில் இது உங்களைக் கட்டிப்போடும். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 39 குறையைச் சரிசெய்யவும், மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பவும் தனியாக அதிகாரம் தருவதால் அங்கே அந்தக் கட்டு தளர்கிறது. ஆனால் முதல் புகாரை எப்போது சொன்னீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். வாங்கிய சில நாள்களிலேயே சொன்னதற்கு ஒரு செய்தி இருந்தால்கூட அதைத் தேடி எடுங்கள்.

கிராக் சாஃப்ட்வேர் விஷயத்தில் உங்கள் பயம் முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63பியின் கீழ் குற்றம்: ஏழு நாளிலிருந்து மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். லாபத்துக்காகப் பயன்படுத்தாதவருக்குச் சிறையைத் தவிர்க்கும் சலுகை அதில் உண்டு. அதைக் கொண்டு சம்பாதிப்பவர் அந்தச் சலுகையை எளிதில் கேட்க முடியாது. ஏற்றிக் கொடுத்த கடைக்காரரின் நிலையும் மோசம்தான். பிரிவு 63 அவர்மேல் பாயும். அதனாலேயே அவர் இந்தப் பேச்சை ஆணையத்தில் எடுக்கத் தயங்குவார் என்பது என் கணிப்பு. ஆனால் ‘கிராக்தான் கரகரப்புக்குக் காரணம்’ என்று சொல்ல அவருக்கு வழி திறந்தே கிடக்கிறது. அதை அடைத்துவிடுங்கள். வட்டை அழித்து ஃபார்மேட் செய்ய வேண்டாம். கடை கொடுத்த நிலைக்கு அதுதான் சாட்சி. கேஸில் வாரண்டி ஸ்டிக்கர் இருந்தால் கடைக்கு முன்கூட்டி எழுதிவிட்டு, அதைப் படம் எடுத்த பிறகு திறந்து, பழைய வட்டைக் கழற்றி அப்படியே எடுத்துவையுங்கள். புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் உரிமம் பெற்ற விண்டோஸைப் போட்டு, 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க விடும் ரீப்பர் போன்ற சட்டப்படியான மென்பொருளில் எல்லாச் சோதனைகளையும் செய்யுங்கள். கிராக் பிரதியின் பயன்பாடும் அன்றோடு நிற்கும். கரகரப்பு தொடர்ந்தால் அதற்கு மென்பொருள் காரணமில்லை என்பதும் தெரியும். மனுவில் கிராக் விஷயத்தை மறைக்கவும் வேண்டாம், நீட்டி எழுதவும் வேண்டாம். கடை ஏற்றித் தந்தது, அதைக் கைவிட்டாயிற்று என்ற ஒரு வரி போதும்.

நடைமுறை எளிது. சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம் என்று பிரிவு 34 சொல்வதால் திருநெல்வேலி ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக் காலக்கெடுவில் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள். சில கடைகள் அந்த அழைப்புக்கே இறங்கிவருகின்றன. நிவாரணத்தில் பணத்தைத் திருப்புவதையோ மாற்றிக் கொடுப்பதையோ முதன்மையாகக் கேளுங்கள். கைவிட்டுப்போன ஆர்டர்களுக்கு லட்சக்கணக்கில் கேட்கும் ஆசையை அடக்குவது நல்லது. ஆர்டர் கொடுத்தவரின் கடிதம் இல்லாமல் அது நிற்காது. பெரிய வணிக இழப்பைக் காட்டினால் சுயதொழில் என்ற உங்கள் முதல் படியை நீங்களே ஆட்டிப் பார்ப்பதாகவும் ஆகும். நடுவில் கடைக்காரர் மதர்போர்டை மாற்றித் தருகிறேன் என்று வந்தால் மறுக்க வேண்டாம். எந்த மாடல் என்பதையும், 512 பஃபரில் ஒரு மணி நேரம் அறுபடாமல் ஓட வேண்டும் என்ற அளவுகோலையும், ஓடாவிட்டால் எத்தனை நாளில் முழுப் பணம் திரும்பும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கம்ப்யூட்டரை அனுப்புங்கள்.