கிருஷ்ணனின் கடைசிக் கட்டுரை

கேள்வி: இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் கடைசிக் காலம் எப்படி இருந்தது? அவர் நமக்கு விட்டுச் சென்றது என்ன?
– ஒரு வாசகி, பருத்தித்துறை

பதில்: கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் ஒரு பத்தியைத் தொடங்கினார். அதன் கடைசிக் கட்டுரை அச்சில் வந்த 1996 பெப்ரவரி 18ஆம் திகதியே சென்னையில் காலமானார். வயது 83. அப்போது நாங்கள் போரால் தென்மராட்சியிலும் வன்னியிலும் இடம்பெயர்ந்து கிடந்தோம். அந்தச் செய்தி இங்கே எத்தனை பேருக்கு எட்டியிருக்கும்?

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். கறுப்பு வெள்ளையில் காட்டுயானைகளைப் படமெடுத்தார். பத்மஸ்ரீ பெற்றார். துப்பறியும் நாவல்கூட எழுதினார்! ஆனால் பட்டத்தையும் படங்களையும்விட அவருடைய தமிழையே நான் பெரிதாக நினைக்கிறேன். பறவையையும் விலங்கையும் பிசிறில்லாத உரைநடையில், நேரில் பார்த்தபடி எழுதியவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. அந்தத் தமிழ்க் கட்டுரைகள் அவர் மறைந்த பிறகே நூல்களாகத் தொகுக்கப்பட்டன. சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்', பெருமாள்முருகன் தொகுத்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்' இரண்டையும் தேடி வாசியுங்கள்.

1938இலேயே சரணாலயமான சுண்டிக்குளம் உங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. அங்கே பூநாரைகளைக் கண்டால், கண்டதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்; பிரசுரிக்கிறோம்.