வீட்டுச் சபையில் கற்ற பாடம்

கிறிஸ்தவ சபை என்றாலே கோபுரமும் மணியும் உள்ள கட்டடம்தான் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகிறது. ஆதிச் சபை வீடுகளில்தான் கூடிற்று. ரோமர் 16:5, கொலோசெயர் 4:15, பிலேமோன் 1:2 வசனங்களைப் பாருங்கள். சிரியாவில் தூரா யூரோப்பஸ் என்ற இடத்தில், கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ஆலயமாக மாற்றப்பட்ட வீடொன்றை 1930-களில் அகழ்ந்தெடுத்தார்கள்.

கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் நான் வளர்ந்ததும் வீட்டுச் சபையில்தான். வாரம் ஒரு வீடு. பாய் விரித்து ஏழெட்டுக் குடும்பங்கள். வேதபாடத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும், சிறுவர்களுக்கும் விலக்கில்லை. பள்ளியில் தமிழ் இல்லாத நாங்கள் எழுத்துக்கூட்டிப் படித்ததும், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்களை மனப்பாடம் செய்ததும் அங்கேதான். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வரும்.

நெருக்கத்தில் ஆபத்தும் உண்டு. வெளியாரோடு பழகக் கூடாது என்றார்கள். கேள்வி கேட்ட ஓர் அண்ணனைப் பல மாதம் ஒதுக்கி வைத்தார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

மூட்டுள்ள இரயில் பாதையில் தண்டவாளங்களுக்கிடையே சிறு இடைவெளி விடுவோம். வெயிலில் இரும்பு நீளும். இடமில்லாவிட்டால் பாதை நெளிந்துவிடும். சபைக்கும் குடும்பத்துக்கும் இதுவே விதி. பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துத் தமிழ் வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்கவும் இடம் விடுங்கள்.